மூச்சைப் பிடி

மூன்றாவது குவார்ட்டர். பதினேழுக்கு மூன்று.
லைல் பெட்டிஃபோர்ட் எறிந்த பந்து
எதிரணிக்காரன் மார்பில் போய்
பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.
ஜெனக்கின் மதுக்கடையில் பதினொரு பேர்
ஒரே வசவை ஒரே நேரத்தில் சொன்னோம்.
சொன்னோம் என்றுதான் எழுதுகிறேன். நானும்தான்.

பிறகு வித்கோ ஆரம்பித்தான்,
முப்பது வருடம் இந்த ஊருக்குத் தபால் போட்டவன்.
"இந்தக் கைக்கா இத்தனை கோடி?
என் பெண்டாட்டி இதைவிட நேராக எறிவாள், தட்டை."

வித்கோ, கொஞ்சம் இரு.
இடப்பக்கம் நீளமாக எறிந்தால்
அவன் பந்தும் நீ போடும் கடிதம் மாதிரிதான்,
யார் வீட்டுக்குப் போகும் என்று
எறிந்தவனுக்கே தெரியாது. ஒப்புக்கொள்கிறேன்.
அவசரப்பட்டால் கால் பின்னுகிறது. அதையும்.
ஆனால் உன் கையில் கடிகாரம் இருக்கிறதே, பார்:
பந்து அவன் கைக்கு வந்து இரண்டரை நொடி.
அதற்குள் ஆளுக்கு நூற்றைம்பது கிலோவில் இரண்டு பேர்
அவனை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள்.
இரண்டரை நொடியில் நீ
ஓர் உறையின் முகவரியைக்கூடப் படித்து முடித்ததில்லை.

இடப்பக்கத்தைக் காக்க வேண்டிய பையன்
அக்டோபரில் முழங்காலைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறான்.
அவன் இடத்தில் நிற்பவன்
போன மாதம்வரை டொலீடோவில் கார் டயர் விற்றவன்.
தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் படுத்திருப்பவனிடம்
ஏன் திடுக்கிட்டு விழிக்கிறாய் என்று கேட்கிறோம்.

இவனுக்கு முன்னால் இருந்தவனையும் திட்டினோம், ஞாபகமிருக்கிறதா?
திட்டு தாங்காமல் வேறு ஊர் போய்
இரண்டாம் வருடமே கோப்பையைத் தூக்கினான்.
அன்றைக்கு இதே ஸ்டூலில் உட்கார்ந்து
"நம்ம பையன்" என்று அழுதவன் நீ.

ஜெனக் துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்தபடி கேட்டான்:
"உனக்கு அவன்மேல் என்ன அக்கறை, லுட்மிலா?
சொந்தமா? காதலா?"
சிரித்தார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

நான் செயின்ட் ஹெட்விக் மருத்துவமனையில்
இரவுப் பணி எக்ஸ்ரேக்காரி.
இருபத்தொரு வருடமாக ஊரின் எலும்பைப் பார்க்கிறேன்.
வித்கோவின் முதுகு எனக்குத் தெரியும்.
ஜெனக்கின் இடுப்பு, அவன் மனைவிக்குத் தெரிவதற்கு
ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும்.
பார்ப்பதற்குத்தான் சம்பளம்.
சொல்லாமல் இருப்பது அதைவிடக் கடினமான வேலை,
அதற்குத் தனியாக எதுவும் தருவதில்லை.

ஆகவே ஏதோ ஒரு ஞாயிறு
நள்ளிரவு தாண்டிப் பின்வாசல் வழியாக
ஒருவன் வந்தான் என்றோ
வரவில்லை என்றோ
நான் சொல்லப்போவதில்லை.

பொதுவாகச் சொல்கிறேன்.
மூச்சை இழு, பிடி, அசையாதே என்றால்
சிலர் அழுவார்கள். சிலர் என் அம்மாவைத் திட்டுவார்கள்.
வெகு சிலர் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்,
போதும் விடு என்ற பிறகும்,
விட்டால் எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர்கள் மாதிரி.
பிறகு சட்டையை ஒரு கையால் மாட்டிக்கொண்டு
புதன்கிழமை பயிற்சிக்குப் போக முடியுமா என்பார்கள்.
பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஜெனக்கிடம் சொன்னது வேறு.
"அவன் எறிகிற அழகு பிடித்திருக்கிறது" என்றேன்.
பச்சைப் பொய். கடை முழுக்கச் சிரித்தது.
என் கணக்கில் இன்னொரு பீர் எழுதினான் வித்கோ.

கடைசி குவார்ட்டர். பதினேழுக்குப் பதிமூன்று.
திரையில் ஏரிப் பனி குறுக்காக விழுகிறது.
ஐம்பது நொடி மிச்சம்.
அவன் வலது முழங்கையை விலாவோடு
ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பதை
யாரும் கவனிக்கவில்லை.
பந்து அவன் கைக்கு வருகிறது.
டயர் விற்றவன் சரிகிறான்.

மூச்சை இழு.
பிடி.
அசையாதே என்கிறது என் வாய், தானாக,
வித்கோ திரும்பி என்னைப் பார்க்கிறான்,
பந்து போகிறது,
இடப்பக்கம்,
ஐயோ கடவுளே,
இடப்பக்கம்தான்.