கோடு போட்ட ஐந்து

டோர்லெய்வ், நீ ஒஸ்லோவிலிருந்து அனுப்பிய தாளில்
ஸ்கார்வத்ன் ஏரிக்கு பி.எச். ஐந்து என்றிருக்கிறது.
மார்ச்சில் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்த புட்டி:
ஐந்து புள்ளி எட்டு.
மே மாதம், பனி உருகி இறங்கிய செவ்வாய்க்கிழமை:
நான்கு புள்ளி இரண்டு.
கூட்டினாய், இரண்டால் வகுத்தாய்.
ஐந்தில் ட்ரௌட் பிழைத்துக்கொள்ளும் என்று
அடியில் ஒரு வரி வேறு.

நான் கரையில் நின்றவள்.
முழங்கால் பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்க இறங்க
மல்லாந்த வெள்ளை வயிறுகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்றுக்குப் பிறகு எண்ணவில்லை.

ராத்திரி மடக்கை அட்டவணையை எடுத்தேன்.
முன்பக்கங்கள் எல்லோர் விரலும் பட்டுக் கருத்தவை.
பின்பக்கங்கள் புதுசு மாதிரியே இருந்தன,
ஒரு காப்பிக் கறை தவிர.
மடித்து வைத்ததை விரிக்கும் இடம் அது.
ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பத்து மடங்கு
சத்தமில்லாமல் படுத்திருக்கும்.

கழித்தல் நான்கு புள்ளி இரண்டு.
அட்டவணைக்குக் கழித்தல் தெரியாது.
அதனால் ஒரு படி கூடுதலாக, ஐந்து வரை இறங்கி
அங்கிருந்து புள்ளி எட்டு மேலேற வேண்டும்.
ஐந்தின் தலையில் ஒரு கோடு,
ஏரிமேல் பனிக்கட்டி போல.
உறைந்தது அது மட்டும்தான்;
புள்ளிக்கு அந்தப்புறம் நீர் ஓடிக்கொண்டிருக்கும்.

புள்ளி எட்டு.
விரல் நகர்ந்து நின்றது: ஆறு, மூன்று, ஒன்று, பூஜ்யம்.
அதற்கு முன்னால் நான்கு பூஜ்யங்கள், அதற்கும் முன்னால் ஒரு புள்ளி.
மார்ச் புட்டிக்குக் கோடு போட்ட ஆறு, புள்ளி இரண்டு:
ஒன்று, ஐந்து, எட்டு, ஐந்து.
முன்னால் பூஜ்யங்கள் ஐந்து.
மே மாதத் தண்ணீர் மார்ச்சைப்போல் நாற்பது மடங்கு, டோர்லெய்வ்.
உன் தாளில் இரண்டும் அடுத்த வீட்டுக்காரர்கள்.

விரித்த பிறகு கூட்டினேன். பாதியாக்கினேன்.
திரும்ப மடித்தேன்.
நான்கு புள்ளி நான்கு ஒன்பது.
உனக்கு அது அரை எண் வித்தியாசம்.
தண்ணீருக்கு, மூன்று மடங்குக்கும் மேல் அமிலம்.

இதை அனுப்பவும் கை கூசுகிறது.
மீன் சராசரியில் நீந்துவதில்லை.
நான்கு புள்ளி நான்கு ஒன்பது என்றொரு தண்ணீர்
எந்த நாளும் அந்த ஏரியில் இருந்ததில்லை.
செவ்வாய்க்கிழமை இருந்தது.
அதுவே போதுமாயிருந்தது.

இங்வில்ட் தபால் பையோடு வாசலில் கால் மாற்றி நிற்கிறாள்.
உன் ஐந்துக்கு நானும் ஒரு கோடு போட்டுத்
திருப்பி அனுப்புகிறேன்.
தலைக்கு மேல் அல்ல.
சற்றுக் கீழே, குறுக்காக.

கூன்வோர்