ஆறு வரை எண்ணுவது

மரக்கரி ஒரு மூட்டை, மாவு இரண்டு, உப்பு, வெங்காயம்,
நாய்களுக்குத் தீனி,
எலாடியோ பெயருக்கு வந்த ஒரு கடிதம்.
வாரம் ஒருமுறை வண்டியேற்றி வருகிறேன்.
நெவாடாவின் இந்த மலைக்குமேல்
செம்மறிகள் போன தடம்தான் சாலை.

அவன் பெருவிலிருந்து வந்தவன்.
ஆயிரத்து எண்ணூறு ஆடு, மூன்று நாய், ஒரு கூண்டு வண்டி,
மூன்று கால் முளைத்த இரும்புச் சட்டி.
ஆட்டை நம்பி ஒப்படைப்பான்,
சட்டியைத் தர யோசிப்பான்.

நெருப்பில் சமைக்காதே என்பது முதல் பாடம்.
நெருப்பு வாயாடி.
அது பேசித் தீர்த்து, சாம்பல் பூத்து
அடங்கி உட்காரும் பார், தணலாய்,
அதனோடுதான் நமக்கு வேலை.

அடியில் எட்டுக் கரி, வளையமாக.
மூடிமேல் பதினாறு.
ரொட்டிக்கு வானம் கொதிக்க வேண்டும்,
தரை வெதுவெதுத்தால் போதும்.
கால்மணிக்கொருதரம்
சட்டியை வலப்பக்கம் கால்வட்டம் திருப்பு,
மூடியை இடப்பக்கம்.
காற்று எந்தப் பக்கம் ஓரவஞ்சனை செய்யும் என்று
யாருக்குத் தெரியும்.
திறந்து பார்க்கத் துடிக்கும் கையைக்
கால்சட்டைப் பைக்குள் வை.
வெந்ததை மூக்கு சொல்லும்.

இதிலெல்லாம் எங்களுக்குள் தகராறில்லை.
தகராறு, சூடு பார்ப்பதில்.

வெறும் சட்டியைக் காயவைத்து
உள்ளங்கையை உள்ளே பிடித்து எண்ண வேண்டும்.
ஆறு வரை தாங்கினால் மாவை இறக்கலாம்,
ஏழாவதற்குக் கை தானே வெளியே வரும்.
நான் எண்ணினால் அடி கரி.
அவன் எண்ணினால் மேல் வெளிறல்.
ஒரு கோடை முழுக்க
ஒருவர் கையை ஒருவர் சந்தேகித்தோம்.

பிறகுதான் காதில் விழுந்தது.
என் வீட்டு பாஸ்க் மொழியில்
பத், பி, ஹிரு, லாவ், போஸ்த், செய்.
ஓடிப்போய் ஆறில் நிற்கும்.
அவனுடைய கெச்சுவாவில்
ஹுக், இஸ்காய், கிம்சா, தாவா, பிச்கா, சொக்தா.
மலையேறுகிறவன் மூச்சு அது,
ஆறு வருவதற்குள் பாதிச் சூடு போய்விடும்.

இப்போது ஸ்பானிய மொழியில் எண்ணுகிறோம்.
அவன் ஊரையும் என் முன்னோர் ஊரையும்
ஆண்டு தீர்த்த மொழி.
அதில்தான் ரொட்டி பொன்னாய்ச் சிவக்கிறது.
அதை ஒப்புக்கொள்ள
இருவருக்கும் மனமில்லை.

போன அக்டோபரில், அவசரத்தில்,
ஒட்டியிருந்த கருகலை ஊறவைக்க
சுடும் சட்டியில் ஓடைத் தண்ணீரைக் கொட்டினேன்.
துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.
விளிம்பிலிருந்து கால்வரை பிளந்தது இரும்பு.
மந்தை மிரண்டு நாலு திசையும் சிதறியது.
விடியும்வரை டார்ச் அடித்துத் தேடினோம்.
ஏழு ஆடு வரவேயில்லை.
அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை,
காலையில் சோப்பு போடாமல் தம்ளரைக் கழுவினான்,
அவ்வளவு நேரம்.

புதுச்சட்டி என் சம்பளத்தில் வாங்கினேன்.
எண்ணெயை மெலிசாகத் தடவிக் காய்ச்சு,
துடை, மறுபடி தடவு.
கறுப்பு ஒரே நாளில் வராது,
நம்பிக்கையும்தான்.
பிளந்த சட்டியில் ஆடுகளுக்கு உப்புக்கட்டி வைத்திருக்கிறான்.

இன்று அவன் முறை.
நான் மூட்டைகளை இறக்கி முடிப்பதற்குள்
வாசம் ஒருமாதிரி கசந்தது.
ரொட்டியின் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு.
மூடி திரும்பவேயில்லை.
கூண்டு வண்டிப் படியில்
கடிதம், நாலு பக்கம், பிரித்தபடி.

முதல் துண்டு நாய்க்கு என்பது
என் ஆட்களின் பழைய வழக்கம்.
சிவந்த பக்கத்தில் வெட்டி நாய்க்குப் போட்டேன்.
அடுத்த சிவந்த துண்டை அவன் தட்டில் வைத்தேன்.
என்ன செய்தி என்று கேட்கவில்லை.
கருகிய பக்கத்தை நான் எடுத்துக்கொண்டு
மெதுவாக மென்றேன்.