ஆறு

லாங்வுட் சோலையோரம் லாரி அடித்த பெட்டைக் கேளை.
காது இன்னும் சூடு.
நகக்கண் அளவு தோல் போதுமென்றேன்.
போஜன் டார்ச்சைப் பிடித்தபடி
வேறுபக்கம் பார்த்தார்.

பதினெட்டாம் நாள், கோத்தகிரியில்
கரண்ட் போவதற்குள்
லென்ஸடியில் எண்ணினேன். ஆறு குரோமோசோம்.
திரும்பவும் ஆறு.
எனக்கு நாற்பத்தாறு.

சொன்னதையே சொல்லும் எழுத்துகள்,
பிதற்றலென்று நாங்கள் ஒதுக்கியவை.
அதே பிதற்றல் அடுத்த நுனியிலும் கேட்கவே
தன் வீடென்று போய் ஒட்டியிருக்கிறது
ஒவ்வொரு இழையும்,
எத்தனையோ இழை, ஆறு வடமாகும்வரை.
குலைந்திருக்கலாம்.
குலையாமல் குட்டி போட்டது,
ரோட்டைக் கடந்தது.

இன்றிரவு சோலைக்குள் வேறொரு கேளை குரைக்கிறது,
ஒரே குரைப்பு, விட்டுவிட்டு.
"சிறுத்தை நடக்குது சார்."
நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தொன்றாவது
கொஞ்சம் வழுக்கியது.