கட்டைவிரலுக்கு ஒன்று

எஃகுத் தந்தி சத்தமாய்ப் பேசும்.
சனிக்கிழமை நடனக் கொட்டகையில்
ஆர்லியின் பிடிலுக்கும்
அத்தனை பூட்ஸ் கால்களுக்கும் நடுவே
நானும் வந்திருக்கிறேன் என்று
அது ஒன்றுதான் சொல்லும்.

ஆனால் என் நகம்?
மோட்டல் சமையலறையில்
ஆறு நாள் வெந்நீரில் ஊறி
நனைந்த அட்டைபோல் மடங்குகிறது.
எஃகில் இரண்டு பாட்டு தாங்கும்; மூன்றாவதில்
பாஞ்சோவின் வெள்ளைத் தோலில் சிவப்புப் புள்ளி.

நைலான் மாட்டிப் பார்த்தேன்.
வளையம் கிடையாது, முடிச்சுப் போடவேண்டும்.
முறுக்க முறுக்க இளகி
ராவெல்லாம் சுருதி இறங்கியது.
குரலோ, வயிறார உண்டவன் பேச்சு.
கிரீன்பிரையர் ஆற்றுப் பனிமூட்டத்துக்குப் போதும்,
கொட்டகையில் எடுபடாது.

கடையில் இரண்டு பொட்டலத்தோடும் நின்றேன்.
"ஏதாவது ஒண்ணு எடு, பூட்டணும்" என்றான் லாயல்.

சும்மா காற்றில் வாசித்த கைதான் சொன்னது:
நகம் அடிப்பது நான்கைத்தான்.
குட்டையான ஐந்தாவது
கட்டைவிரலுக்கு.
அங்கே நகமில்லை, சதை.
பானை தேய்த்துத் தடித்தது.

இரண்டுக்கும் காசு கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை, பாதிப் பாட்டில்,
கொசு புகுந்துவிட்டதோ என்று
ஆர்லி கூரையைப் பார்த்தான்.
நான் நிறுத்தவில்லை.