ஐந்தாவது பொட்டலம்

மார்கழி கடைசி.
செவ்வாய்ப்பேட்டையில் விடியுமுன்
சிப்பம் சிப்பமாய் இறங்குகிறது மஞ்சள்.

ஏலக்காரர் ஓர் அச்சை உடைத்து
குழல்விளக்குக்கு நேரே பிடிக்கிறார்.
நாக்கில் வைப்பதில்லை,
விலை சொல்வது கண்.
கறுத்த வெல்லம் ஓரமாய்க் காத்திருக்கிறது,
பெண் பார்க்க வந்தவர்கள்
தங்கையைக் கேட்டுவிட்டுப் போன வீட்டில்
அக்கா நிற்பதுபோல.

தகவல் உரிமை மனு மூன்று போட்டிருந்தேன்.
முதலாவதற்கு, கோப்பு இல்லை.
இரண்டாவது, வில்லை ஒட்டவில்லையென்று திரும்பியது.
மூன்றாவதற்கு நாற்பத்தொரு பக்கம் வந்தது,
பாதி தலைகீழாய் நகலெடுத்து.
ஓமலூர் பேருந்தில்
தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
எடுத்த மாதிரி அறுபத்திரண்டு.
தரமற்றவை முப்பத்தெட்டு.
தண்டனை என்ற கட்டத்தில் ஒரு கோடு,
அடுத்த வரியிலும் கோடு.
கோடுகளை எண்ணி முடிக்கையில்
இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டிருந்தது.

வந்த வழியே நடந்தேன்.
கொட்டகையில் பாகு கொதித்தது.
சடையப்பன் எதையும் மறைக்கவில்லை.
கிழிந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி வெள்ளைத்தூள்,
கரும்பின் நிறம் கண்ணெதிரே ஓடிப்போயிற்று.
நான் இருமினேன்.
அவர் நெஞ்சுக்கு அது பழகியிருந்தது.

"எழுதிக்கங்க. பேரும் போட்டுக்கங்க.
போன வருசம் ஒண்ணும் போடாமத்தான் காய்ச்சினேன்.
மூணு ஏலம், சரக்கு திரும்பி வந்துச்சு.
வண்டி வாடகை நான் குடுத்தேன்.
நாலாவதுக்கு இந்தத் தூளை வாங்கினேன்.
ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க.
உங்க ஊட்ல என்ன நெறம்?"

கேள்வி கேட்பது என் தொழில்.
குறிப்பேட்டில் அந்த இடம்
இன்னும் வெறுமையாய் இருக்கிறது.

மறுநாள் மண்டியில் சோதனை.
உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேதமாணிக்கம்
ஒரே வெல்லத்தை நான்காகப் பிரித்தார்.
ஒன்று ஆய்வகத்துக்கு,
இரண்டு மேலதிகாரியின் பெட்டகத்துக்கு,
நான்காவது
வியாபாரி கேட்டால் வேறோர் ஆய்வகத்துக்கு.
நூல் சுற்றி, சீட்டு ஒட்டி, அரக்கை உருக்கினார்.
ஓர் எறும்பு அதில் சிக்கியது.
முத்திரை அதன் மேலேயே விழுந்தது.
"சாட்சி" என்றார், சிரிக்காமல்.

அன்றிரவு
அடுக்களை அலமாரியைத் திறந்தேன்.
எவர்சில்வர் டப்பாவுக்குள்
பூவரசம்பூ மஞ்சள்.
போன வாரம் கடைக்காரர் இரண்டைக் காட்டினார்.
விரல் நீட்டியது நான்.

நான் வேலை பார்க்கும் பத்திரிகையிலேயே மடித்து
ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.
பர்கத் நிஷா எடை போட்டார்,
கட்டணத்துக்கு ரசீது கிழித்தார்.
"பதினாலு நாள் ஆகும். பொங்கல் முடிஞ்சிடுமே?"
"தெரியும்."
யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற இடத்தில்
என் பெயரை எழுதினேன்.
வாங்குபவர் என்றா விற்பவர் என்றா போடுவது?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முடிவு வந்தது.
கந்தகம் அனுமதித்த அளவைப்போல் ஆறு மடங்கு.
மண்டியின் நான்கில் பிரித்ததும்
என் டப்பாவில் இருந்ததும்
ஏறக்குறைய ஒரே எண்.

எண்கள் அச்சாயின.
நாற்பத்தொரு பக்கமும் மூன்று பத்தியில் அடங்கிற்று.
தண்டனைக் கோடுகளை
அப்படியே படமாய்ப் போட்டார்கள், அது நல்ல யோசனை.
சடையப்பன் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன்.
என் டப்பாவை ஆசிரியர் எடுத்துவிட்டார்.
"செய்திக்குள்ள உனக்கென்ன வேலை?"

நியாயமான கேள்வி.
அவர் வெட்டிய பத்தி இது.
டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
செவ்வாய்ப்பேட்டைக்குப் போகவேண்டும்,
ஓரமாய் நிற்பதை
விலை கேட்க.