எட்டாம் மாடிக்கு இருபது தெத்ரி

இன்னும் மூன்று பகல் கையில் இருந்தவரை
நாங்கள் பணக்காரர்கள்.
கோட்டைக்கு நாளை என்றாள் மிரெலா,
கந்தகக் குளியலுக்கு நாளை மறுநாள் என்றான் பெக்சாத்,
நான் கால் கொப்புளத்தில் பஞ்சை ஒற்றியபடி
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வார்சாவில் மூன்று குளிர்காலம்
ஒரே அடுப்பைப் பங்கிட்டவர்கள்.
பால் புட்டியில் அவரவர் பெயரெழுதி ஒட்டியவர்கள்.
ஐந்து வருடம் கழித்து
மூவருக்கும் மலிவாய் விமானம் கிடைத்த ஊர் திபிலிசி.
வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை காற்று.
ரோப் கார் ஓடாது என்பதைச்
சீட்டுக் கூண்டிலிருந்த பெண்
இரண்டு முன்கைகளைப் பெருக்கல் குறியாக்கிச் சொன்னாள்.
மலைமேல் அந்த அலுமினியத் தாய்
ஒரு கையில் கிண்ணமும் மறுகையில் வாளுமாக நின்றாள்.
நண்பனுக்கு மது, மற்றவனுக்கு வாள்.
எங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ளாமலே
திரும்பி நடந்தோம்.

சாப்பாட்டு மேசையில் சண்டை.
பதினைந்து கின்காலியில் யார் எத்தனை தின்றது?
அந்த ஊரில் கொழுக்கட்டையின் கொண்டையைத் தின்பதில்லை,
தட்டோரம் வைத்துவிடுவார்கள்;
எண்ணினால் குட்டு உடைந்துவிடும்.
மிரெலா எண்ணினாள்.
எனக்கு ஐந்து, அவளுக்கு நான்கு,
பெக்சாத்தின் தட்டு துடைத்துவிட்டாற்போல் சுத்தம்.
கொண்டைகளையும் தின்றிருந்தான்.
சிரித்திருக்க வேண்டும்.
சிரிக்காமல், பழைய பால் புட்டிவரை போனோம்,
அவன் வேலை இழந்த மாதம்வரை,
அப்போது நான் கேட்காமல் விட்ட ஒன்றுவரை.
பரிமாறிய பையன் பில்லைக் கவிழ்த்து வைத்துவிட்டுப்
போய்விட்டான்.

சனிக்கிழமை
யாரும் கோட்டையைப் பற்றிப் பேசவில்லை.
பெட்டி கட்டினோம்.
விடிகாலை நாலரைக்கு விமானம்.
நோட்டெல்லாம் தீர்ந்து சில்லறை மட்டும் மிச்சம்,
ஊருக்கு வெளியே பொத்தானுக்குக்கூட ஆகாத சில்லறை.

நாங்கள் தங்கிய கட்டடத்தின் லிஃப்டுக்குள்
ஒரு தகர உண்டியல் உண்டு.
இருபது தெத்ரி போட்டால்தான் ஏறும்.
இறங்கக் காசில்லை.

யோசனை யாருடையது என்று நினைவில்லை.
மாலை ஆறு மணிக்கு
மூவரும் லிஃப்டுக்குள் போய் நின்றுகொண்டோம்,
ஏறுகிறவர் எல்லோருக்கும் காசு போட.

நாலாம் மாடி ஜுஜுனா, இடுப்பில் தர்பூசணி.
போட்டோம்.
ஏதோ சொன்னார்.
நன்றியாக இருக்கலாம், பைத்தியங்களா என்றும் இருக்கலாம்.
ஏழாம் மாடிச் சிறுவன் பாச்சோ
சைக்கிளைச் செங்குத்தாக நிறுத்தி
முன்சக்கரத்தை என் தோளில் சாய்த்தான்.
போட்டோம்.
அவன் இறங்காமல் எங்களோடு கீழே வந்து
மறுபடி ஏறினான். அதற்கும் போட்டோம்.
ரெவாஸ் மட்டும் ஒப்பவில்லை.
விருந்தாளி காசு போடுவதா?
உண்டியல் வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டார்.
மிரெலா அவர் மணிக்கட்டைப் பிடித்திழுக்க,
அவர் நாய் குரைக்க,
எந்த மாடியென்று அறியாமல் லிஃப்ட் காத்து நின்றது.
கடைசியில் அவரே போட்டார்,
போதாதென்று எங்கள் கையிலும் ஒரு பிடி திணித்தார்.

ஒரு மணி நேரத்தில்
முதலைவிடச் சில்லறை கூடியிருந்தது.
ஜுஜுனா தட்டோடு திரும்பி வந்தார்.
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
தர்பூசணி தின்றோம்.
சாறு முழங்கைவரை வழிந்தது.
பெக்சாத் பெரிய துண்டை எடுத்து
மிரெலாவிடம் நீட்டினான்.
அவள் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு டாக்சி.
எட்டாம் மாடியிலிருந்து இறங்கினோம்,
காலடியில் நாலைந்து கறுப்பு விதைகள்.

விமான நிலையத்தின் சோதனை வாசலில்
மிரெலா ஒலிக்கவில்லை, நானும் ஒலிக்கவில்லை.
பெக்சாத் மட்டும் மூன்று முறை ஒலித்தான்.
கோட்டுப் பையைக் கவிழ்த்தார்கள்.
பிளாஸ்டிக் தட்டில் தெத்ரிகள் உருண்டன.
இந்த முறை
யாரும் எண்ணவில்லை.