தெற்குச் சுவர்

ஆகஸ்டில் ஃபெர்ஜானி ஒரு தாளோடு வந்தார்.
காஃப்சா, ரயிலடிப் பள்ளி, தெற்குச் சுவர்,
பதினேழு கட்டம்.
ஒன்றரை முழ உயரம், ஒரு முழ அகலம்,
இடையில் நாலு விரல்.
"இத்தனை பேர் மனுப் போட்டிருக்கிறார்கள்,
இடம் தயாராக இருக்கட்டும்.
அளவு பிசகினால் வழக்குப் போடுவார்கள்."
யார் போடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை.
அரசாங்கத் தாளில் வருகிற 'ஆர்'களுக்கு
முகம் இருந்ததில்லை.

பெயின்ட் நகராட்சியுடையது.
எண் அச்சு என்னுடையது.
சாரம் சரிந்து விழுந்த வருஷம்
ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே,
பிளேடால் நானே வெட்டியது.
வெயிலுக்கு நேராகப் பிடித்தால்
என் தோளெலும்பின் நடுவே ஒரு 3, ஒரு 8.
காறையெலும்பைக் குறுக்கே அறுத்தபடி ஒரு 7.
ஜனாதிபதி ஆக வேண்டுமென்றால் எவரும்
என் எலும்பின் ஓட்டை வழியாகத்தான்
வந்தாக வேண்டும் என்றேன் முன்ஜியாவிடம்.
அவள் சிரிக்கவில்லை.
குழாயில் தண்ணீர் வந்திருந்த அரைமணி நேரம் அது.

நாலு நாள்.
பாஸ்பேட் ரயில் போகும்போதெல்லாம்
ஈரப் பெயின்ட்டில் சாம்பல் தூசி ஒட்டியது.
போகிறவர் வருகிறவர் நின்று கேட்டார்கள்:
"ஏழில் யார்?"
"பன்னிரண்டு நம்ம ஊர் ஆளாமே?"
கள்ளிப்பழ வண்டிக்காரன் லஸ்ஹர்
(அந்தப் பழத்துக்கு எங்கள் பேச்சில் 'ஹிந்தி' என்று பெயர்,
இந்தியாவையே பார்த்திராத பழம்)
முள் சீவிய கத்தியால் சுட்டிக்காட்டினான்:
"ஒன்பதைக் கொஞ்சம் பெரிதாகப் போடு,
தள்ளிப் போகிறவனுக்கும் தெரியட்டும்."
ஒன்பதில் யார் என்று அவனுக்கும் தெரியாது.

அந்த வாரம் ஊர் கொஞ்சம் வாயாடியது.
காபிக் கடையில் நாற்காலி போதவில்லை.

செப்டம்பரில் ஃபெர்ஜானி வேறு தாளோடு வந்தார்.
மூன்று போதும்.
நாலு முதல் பதினேழு வரை சுண்ணாம்பு அடி.

ஒருவருக்குக் கையெழுத்துகள் குறைந்தனவாம்.
ஒருவருக்குத் தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாம்.
ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று
வாளிக்குள் குனிந்து சொன்னார்.
மற்றவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கும் கூலி உண்டு,
அது வேறு கணக்கில் வரும்.

சுண்ணாம்பு நீர்த்திருந்தது.
காலைப் பனியில் சுவர் நனைந்தால்
பதினொன்று மெல்ல மேலே வருகிறது,
பிறகு பதினைந்து.
பத்து மணி வெயிலில் எல்லாம் வெள்ளை.
நாலாம் வகுப்பு ஆசிரியை தலெந்தா
கையில் சாக்பீஸோடு நின்று பார்த்துவிட்டு
உள்ளே போய்க் கழித்தல் கணக்குக் கொடுத்தாளாம்.
சும்மா கொடுத்தாளோ, பார்த்துக் கொடுத்தாளோ.

மிச்சமிருக்கும் மூன்றில்
ஒன்றில் மட்டும் படம் ஒட்டியிருக்கிறார்கள்,
நாலு மூலையும் சீராக, நிறையப் பசை போட்டு.

பிரச்சினை பையன்களால் வந்தது.
பள்ளி விட்டதும் பந்து.
எண்ணைக் கத்திவிட்டு உதைக்க வேண்டும்,
அதே கட்டத்தில் பட்டால் இரண்டு புள்ளி.
"பதினொன்று!"
வெறும் வெள்ளையில் பந்து போய்ப் படுகிறது,
சரியாகப் பதினொன்று இருந்த இடத்தில்.
"ஆறு!" அதுவும் பிசகாமல்.
தப்பாய் அடித்தவனை மற்றவர்கள் விடுவதில்லை:
"அது அஞ்சுடா, குருடா!"
பந்தின் புழுதி வட்டம் வட்டமாகப் படிந்து
அழித்த பதினாலு கட்டமும்
இப்போது ஸ்டேஷனிலிருந்தே தெரிகின்றன.

இன்று மறுபடி ஒரு வாளி,
மறுபடி ஒரு தாள்.
"இதையும் அடித்துவிடு,
ஞாயிற்றுக்கிழமை ஓட்டு" என்று சொல்லிவிட்டு
ஃபெர்ஜானி வண்டியேறிப் போனார்.

பிரஷ்ஷை நனைத்தேன்.
பந்து உருண்டு வந்து
வாளியில் முட்டி நின்றது.
"மாமா, பதினாலு!"
ஏழெட்டுப் பையன்கள்,
ஒருவனுக்கு முன்பல் இல்லை.

தெருவின் இரண்டு முனையையும் பார்த்தேன்.
எனக்குப் பழுது தோளில்தான்.
கால் நன்றாகவே இருக்கிறது.